இடிமுகிலுக்குள் கௌசல்யா

கௌசல்யா அக்காவிடம் நான் முதலில் கவனித்தது அவருடைய கழுத்தை.

பட்டம் என்ற பேட்டையில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு மேல் ஒரு மாடி எழும்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. தலையில் மணல் சட்டியோடு படியேறி வருவார். முழங்கால் மடங்கும், இடுப்பு திரும்பும், ஒரு கை காற்றைத் துழாவும். தலை மட்டும் அசையாது. தலையை வானத்தில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டு, உடம்பை மட்டும் யாரோ நடக்க அனுப்பியதுபோல இருக்கும். அலுவலகத்தில் மற்றவர்களுக்குச் சத்தமும் தூசியும்தான் தெரிந்தன. என் மேசை ஜன்னலோரம் என்பதால் எனக்கு அந்தக் கழுத்து தெரிந்தது.

சட்டியைக் கைமாற்றுவதில் அவர்களுக்கு ஒரு முறை உண்டு. படி முடிந்து சாரம் தொடங்கும் இடத்தில் மேலே ஒருவர் குனிந்து நிற்பார். கீழே இருப்பவர் சட்டியை நீட்டுவார், ஆனால் விடமாட்டார். வாங்குகிறவர் அடியில் கைகொடுத்து, பாரம் தன் கைக்கு வந்ததும், “பிடிச்சாச்சு, விட்டோ!” என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்ட பிறகுதான் கீழே இருப்பவரின் விரல்கள் பிரியும். முந்தி விட்டால் கீழே நிற்பவர் மண்டை போகும். கேட்ட பிறகும் விடாமலிருந்தால் மேலே நிற்பவர் நிலைதவறி விழுவார். பாதி தமிழ், பாதி மலையாளம். இந்த ஊர்ச் சாரங்களில் எல்லாருக்கும் பொதுச் சொல் அது. பகல் முழுக்க எங்கள் கூரைமேல் அந்தச் சொல் விழுந்துகொண்டே இருந்தது.

எங்களுடையது வேடம் அனுப்பும் கம்பெனி. பிறந்தநாள், பள்ளி ஆண்டுவிழா, துணிக்கடைத் திறப்பு விழா. கரடி உண்டு, முயல் உண்டு. ஆனால் எங்களுக்கெல்லாம் சோறு போட்டவர் இடிமுகில்.

இடிமுகிலைத் தெரியாத பிள்ளை இந்த ஊரில் இருக்க முடியாது. ஊருக்கு வடக்கே கழக்கூட்டத்தில் ஒரு ஸ்டுடியோவில் வரைகிற கார்ட்டூன் தொடர். மலையாளத்தில் வருகிறது, தமிழிலும் பேசுகிறது. கருநீல உடுப்பு. முகத்தை முழுக்க மூடிய தலைக்கவசம். தோளிலிருந்து தரைவரை புரளும் மேலங்கி. அதை உதறினால் மழை, சுழற்றினால் இடி. போன வருடத் தொடரின் கடைசியில்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்கள். கடலிலிருந்து எழுந்த பூதம் ஒன்று துறைமுகத்து ராட்சத கிரேனைப் பிடித்துச் சாய்க்கிறது. விழிஞ்ஞத்தைப் பார்த்து வரைந்த துறைமுகம் என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள். சாயும் கிரேனை இடிமுகில் தோள்கொடுத்து நிறுத்துகிறார். கிரேன் நிற்கிறது, தோள் போய்விடுகிறது. இனி அவரால் மேலங்கியைச் சுமக்க முடியாது. அந்தக் கிரேனை இயக்கிக்கொண்டிருந்த தாரா என்ற பெண்ணிடம் அதை ஒப்படைக்கிறார். பெயர் மாறாது, ஆள் மாறும். இனிமேல் இடிமுகில் என்றால் தாரா.

அந்த வாரம் ஊரில் பிள்ளைகளுக்கெல்லாம் சேர்ந்தாற்போல் காய்ச்சல் கண்டதுபோல் இருந்தது. எங்கள் அலுவலக போனில் ஒரு குழந்தை அழுதுகொண்டே, “இடிமுகில் அங்கிளுக்குத் தோள் சரியாயிட்டுதா?” என்று கேட்டது.

எங்கள் இடிமுகிலுக்குத் தோளில் ஒன்றுமில்லை. முதல் சீசனிலிருந்து அந்த உடுப்புக்குள் இருந்தவர் ஆறுமுகநயினார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். சாலை என்று பெயர்கொண்ட கடைத்தெருவில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவரை, உயரத்தைப் பார்த்து எங்கள் முதலாளி ஹரிஷங்கர் கூட்டிவந்திருந்தார். டீக்கடைக்காரர் அவரிடம், “அண்ணாச்சி, தோள் எப்படி இருக்கு?” என்று கிண்டலாகக் கேட்டபோது, அவர் கண்ணாடி டம்ளரைப் பார்த்தபடி சொன்னார்:

“கார்ட்டூன்ல போனது தோளு. எனக்குப் போவப்போறது சோறு.”

கவசத்துக்குள்ளிருந்து பார்த்தால் நேரே மட்டும்தான் தெரியும். காலடி தெரியாது, பக்கம் தெரியாது. அதனால் கூடவே ஒருவன் முழங்கையைப் பிடித்து நடத்த வேண்டும். அவனைக் ‘கண்’ என்போம். அது என் வேலை. பேசக் கூச்சப்படுகிறவனுக்குத் தோதான வேலை, ஏனென்றால் எங்கள் தொழிலின் முதல் விதியே உள்ளே இருப்பவர் வாய் திறக்கக் கூடாது என்பதுதான். குரல் வெளியே வந்துவிட்டால் உள்ளே ஓர் ஆள் இருப்பது தெரிந்துபோகும். ஆள் தெரிந்துவிட்டால் இடிமுகில் இல்லை. யார் உள்ளே இருக்கிறார் என்பதை வீட்டிலும் சொல்லக் கூடாது. ஹரிஷங்கர் இதைச் சுவரில் எழுதி ஒட்டாத குறை.

தாராவுக்கான புது உடுப்பை ஷிஜி சேச்சி தைத்து முடித்த அன்று, போட்டுப் பார்க்க ஒரு கல்லூரிப் பெண் வந்திருந்தாள். கவசத்தைத் தலையில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே கழுத்தைப் பிடித்துக்கொண்டு, “எனிக்கு வய்யா”, என்னால் முடியாது, என்று சோபாவில் சரிந்தாள். மணல் சட்டியோடு வாசலைக் கடந்த கௌசல்யா அக்கா நின்று எட்டிப் பார்த்தார்.

“எந்தா சேச்சி, கல்யாணப் பொண்ணு மயங்கிருச்சா?”

“தலை பாரமாணு போலும்,” என்றார் ஷிஜி.

“இம்புட்டுத் தலைக்கா? இங்க தாங்க, பார்ப்போம்.”

சட்டியை இறக்கி வைத்தார். சும்மாட்டை அவிழ்த்து இடுப்பில் செருகினார். கவசத்தை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். கட்டட வேலைக்குப் போகிற நம் பெண்கள் சேலைக்கு மேல் ஓர் ஆண்சட்டை போட்டிருப்பார்கள். கழுத்துக்குக் கீழே சிமென்ட் தெறித்த, கட்டம்போட்ட, புருஷனின் பழைய சட்டை. கழுத்துக்கு மேலே இடிமுகில். எல்லாருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

அவர் நடந்தார். மேசைக்கும் கதவுக்கும் நடுவிலான அந்தச் சின்ன இடத்தில் போய்த் திரும்பினார். தலை அசையவில்லை. அந்தக் கவசத்துக்குக் கண்கள் கிடையாது, இரண்டு கறுப்பு வலைதான். ஆனால் அது எங்களைப் பார்த்தது. போனில் பேசிக்கொண்டிருந்த ஹரிஷங்கர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். மறுமுனையில் யாரோ ஹலோ ஹலோ என்று கத்துவது அறைக்கே கேட்டது.

“நாளைக்கு வர்றியாம்மா?” என்றார்.

“நாளைக்குக் கான்கிரீட், சார்.”

“நாளன்னிக்கு?”

அப்படித்தான் வந்தார். ஹரிஷங்கர் கரமனை அக்ரஹாரத்துக்காரர். கணக்கையும் கண்டிஷனையும் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, மனதில் உள்ளதை வீட்டுத் தமிழில் சொல்வார். “இத பாரு கௌசல்யா. ஓணத்துக்கு டவுன்ஹால்ல பெரிய ஷோ. பழைய இடிமுகில் புது இடிமுகிலுக்கு மேலங்கியைக் கொடுக்கற சீன். குழந்தைகள் உன்னை ஏத்துண்டா நீதான் இடிமுகில். இல்லேன்னா இந்தப் புதுசே வேண்டாம், பழசையே ஓட்டிண்டு போறேன். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சார்.”

கௌசல்யா அக்காவின் அப்பாவும் அம்மாவும் தென்காசியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். இந்த ஊரிலேயே, வேலை நடக்கும் இடத்துத் தகரக் கொட்டகையில் பிறந்தவர் அவர். கட்டடம் எழும்ப எழும்ப அவர்களின் வீடு இடம் மாறும். “நாங்க கட்டின வீட்டுல எல்லாம் இருந்திருக்கோம் தம்பி, கதவு வைக்கிற வரைக்கும்,” என்பார். படித்தது மலையாளம், வீட்டில் பேசுவது தமிழ், வைவது இரண்டிலும். கணவர் கொல்லத்தில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போடுகிறார், வந்தால் வருவார். மகள் ஸ்நேகா சாலைக் கடைத்தெருப் பக்கத்து ஸ்கூலில் மூன்றாம் வகுப்பு.

ஒருநாள் வேன் கழக்கூட்டத்தைக் கடக்கையில் உயரமான கண்ணாடிக் கட்டடம் ஒன்றைக் காட்டி, “அதுல மூணாவது மாடிக்கு மணல் ஏத்தினது எங்கம்மா. நான் வயித்துக்குள்ள இருந்தேன்,” என்றார்.

“அங்கேதான் அக்கா இடிமுகிலை வரையறாங்க. அதே மூணாவது மாடி.”

வேன் திரும்பி, கட்டடம் மறைந்து, அப்புறம் ஒரு பெட்ரோல் பங்கும் மறைந்தது. அவர் இன்னும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

பழக்கிக்கொடுக்க வேண்டியவர் ஆறுமுகநயினார். அவர் பழக்கவில்லை. நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு வாயால் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

“பொம்பளை எப்படி ஏ பிள்ள இடி இடிக்கும்?”

“அண்ணாச்சி, இடிக்கு முன்னாடி ஒண்ணு வருமே, மின்னல். அது யாராம்?”

“வாய்க்கு ஒண்ணும் கொறவில்ல. வாய்தான் உள்ள ஆகாது. தெரியும்லா?”

“அதுதான் உங்க கிட்ட இப்பவே தீர்த்துக்கிடுதேன்.”

ஹரிஷங்கர், “அவரை மாதிரியே பண்ணு, போதும்” என்று சொல்லியிருந்தார். அதனால் அக்கா ஆறுமுகநயினாரின் பழைய நிகழ்ச்சிகளை என் போனில் பார்த்துப் பார்த்து அவர் நடையைப் பழகினார். மூட்டை தூக்கியவரின் நடை அது: தோளை வலதும் இடதுமாக வீசி, குதிகால் தரையில் அறைய நடப்பது. அவருக்கு அது மலை நகர்வதுபோல இருக்கும். அக்கா நடந்தபோது, யாரோ அலமாரியை இழுத்து நகர்த்துவதுபோல இருந்தது. எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பது ஒன்று. சொல்லி என்ன ஆகும், முதலாளி கேட்டது அதைத்தானே என்பது இன்னொன்று.

முதல் நிகழ்ச்சி ஒரு நர்சரிப் பள்ளியில். வாசலில் கருநீலம் தெரிந்ததும் ஒரு பொடியன் கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தான். பாதி தூரத்தில் நின்றான். மேலும் கீழும் பார்த்தான்.

“இது டூப்பாணு!”

அவ்வளவுதான். டூப்பு, டூப்பு என்று வகுப்பே கத்தியது. ஒருத்தி மேலங்கியைப் பிடித்து இழுத்தாள். இன்னொருத்தி, “பழைய இடிமுகில் எவிடே?” என்று கேட்டுவிட்டு முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள். அந்த முதுகை என்னால் மறக்க முடியவில்லை. அவ்வளவு சின்னது, அவ்வளவு உறுதி. நான் அக்காவின் முழங்கையைப் பிடித்திருந்தேன். மெல்லத் திருப்பி வேனுக்கு நடத்திவந்தேன்.

வேனில் கவசத்தைக் கழற்றியதும் ஒரு பாட்டில் தண்ணீரை அப்படியே குடித்தார். வியர்வை தாடையிலிருந்து சொட்டியது.

“விட்டுரலாமா அக்கா?” என்றேன்.

“என்னது?” அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, வேலை முடிஞ்சு சிமென்ட் சேலையோட பஸ்ல ஏறுவேன். எனக்குப் பக்கத்து சீட்டு காலியாவே வரும். நின்னுட்டு வருவாங்களே ஒழிய உக்கார மாட்டாங்க. பழகிப்போச்சு, அதை விடுங்க. இன்னைக்கு அந்தப் பொடிப்பய டூப்புன்னான். அது அப்புறம். முதல்ல ஓடி வந்தான்லா? என்னைப் பார்த்து ஓடி வந்தான், கேட்டீங்களா. பெத்த பிள்ளையைத் தவிர யாரும் என்னைப் பார்த்து ஓடி வந்ததில்ல.” வாயைத் துடைத்துக்கொண்டார். “நான் விடமாட்டேன்.”

பெற்ற பிள்ளைதான் பெரிய கஷ்டமாக வந்து சேர்ந்தது. அன்று சாயங்காலம் சாலைக் கடைத்தெருவில் அவர்கள் சந்து முனையில் வேனை நிறுத்தியபோது, ஸ்நேகா பக்கத்து வீட்டுப் பூமாரியோடு நின்றிருந்தாள். கையில் ஒரு நீலக் குடை. அதை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டு இடிமுகில் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தாள். உடுப்புகள் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. அம்மா கட்டட வேலையிலிருந்து வருகிறாள் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த கதை.

“அம்மா, ஓணத்துக்குப் பூமாரி அக்கா டவுன்ஹாலுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அந்தப் புது இடிமுகில் வருவா. நான் கூவி விரட்டப் போறேன்.”

“ஏன்டி, அவ உன்னை என்ன செஞ்சா?”

“அவரோட போர்வையைப் பிடுங்கறா.”

“பிடுங்கலட்டி. அவரா குடுக்காரு.”

“அவருக்கு மனசே இல்ல. மூஞ்சியைப் பார்த்தாத் தெரியாதா?”

“மூடிக் கிடக்கிற மூஞ்சி உனக்குத் தெரியுதாக்கும்!”

“எனக்குத் தெரியும்,” என்றாள் ஸ்நேகா. குடையை மடக்கினாள்.

ஓணத்து நாளும் வந்தது. டவுன்ஹால் வாசலில் பூக்களம் போட்டிருந்தார்கள். அதை மிதிக்காமல் வேனைப் பின்பக்கம் கொண்டுபோக வேண்டியிருந்தது. கவசங்கள் இருந்த பெரிய பெட்டியை இறக்க ஆள் இல்லை. ஆறுமுகநயினார் வேனுக்குள் ஏறினார். கீழே அக்கா கை நீட்டினார். இருவரும் அந்த வாரம் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. ஒத்திகையில் அவர் மேலங்கியை “இந்தா” என்று வீசுவார், இவர் தரையிலிருந்து பொறுக்கிக்கொள்வார், அவ்வளவுதான் நடந்திருந்தது. பெட்டி வேன் விளிம்பில் சாய்ந்தது. அவர் மேலே பிடித்திருந்தார்.

“பிடிச்சாச்சு, விட்டோ,” என்றார் அக்கா, வேறெங்கோ பார்த்தபடி.

அவர் விட்டார். அவரும் வேறெங்கோதான் பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டை இறக்குகிறவர்களுக்கும் அதே சொல்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஹால் நிறைந்திருந்தது. பட்டுப்பாவாடையும் சின்ன வேட்டியுமாகப் பிள்ளைகள். பாதிப் பேர் கழுத்தில் துண்டையோ துப்பட்டாவையோ மேலங்கியாகக் கட்டியிருந்தார்கள். முன்வரிசைக்கு ஓரமாக நீலக் குடையோடு ஸ்நேகா. நான் திரைக்கு அருகே, இரண்டு பேருக்குமான கண்ணாக நின்றேன். ஹரிஷங்கர் எதிர்ப்பக்கத்தில், சவுண்டுக்காரருக்குப் பக்கத்தில்.

முதலில் ஆறுமுகநயினார் போனார். அவர் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு ஹாலையே எழுந்து நிற்க வைத்ததை அன்று கடைசித் தடவையாகப் பார்த்தேன். தோளை வீசி நடந்து, நடுமேடையில் நின்று, மேலங்கியை ஒரே ஒரு தடவை உதறினார். பிள்ளைகள் “மழை! மழை!” என்று கத்தினார்கள். ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் முன்வரிசையில் ஒரு குழந்தை தலையைத் துடைத்துக்கொண்டதை நான் என் கண்ணால் கண்டேன்.

அப்புறம் அக்கா. ஆறுமுகநயினாரின் நடையைத்தான் நடந்தார், அந்த அலமாரி நடையை. ஹாலில் கை தட்டியவர்கள் நிறுத்தினார்கள். எங்கிருந்தோ ஒரு கேலிக் கூவல். நான் ஸ்நேகாவைப் பார்த்தேன். அவள் வாயில் கையைக் குவித்து வைத்திருந்தாள்.

பதிவுசெய்த குரல் ஒலிபெருக்கியில் கதையைச் சொன்னது. தோள் போனது, துறைமுகம் பிழைத்தது, இனி இந்த மேலங்கி உன்னுடையது. அதற்கேற்றபடி ஆறுமுகநயினார் தோளிலிருந்து மேலங்கியைக் கழற்றி, இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டினார். அக்கா கை நீட்டித் தொட்டார். பாட்டு உச்சத்துக்குப் போய் முடிந்தது. மேலங்கி இன்னும் ஆறுமுகநயினார் கையில்தான் இருந்தது.

அவர் விடவில்லை.

முதலில் நடிப்பு என்று நினைத்தேன். அப்புறம் அவர் விரல்களைப் பார்த்தேன். துணி சுருங்கி, கையுறையின் முட்டிகள் புடைத்திருந்தன. சவுண்டுக்காரர் ஹரிஷங்கரைப் பார்த்தார். ஹரிஷங்கர் என்னைப் பார்த்தார். ஹாலில் ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் இருந்தது. அப்போது ஒரு பிள்ளை எழுந்து நின்று கத்தினான்:

“கொடுக்கண்டா!”

கொடுக்காதே. ஹால் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. கொடுக்கண்டா, கொடுக்கண்டா. சின்னக் கைகள் நாற்காலி முதுகுகளை அடித்தன. மேடையில் அந்தப் பெரிய கருநீல உருவம் மேலங்கியைப் பிடித்தபடியே நின்றது. கவசத்துக்குள் ஆறுமுகநயினார் அழுதுகொண்டிருந்தாரா, தெரியாது. விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றியது.

கௌசல்யா அக்கா இழுக்கவில்லை. நானாக இருந்தால் இழுத்திருப்பேன். அவர் ஓர் அடி முன்னே வந்தார். கைகளை மேலிருந்து எடுத்து, அடியில் கொண்டுபோனார். மேலங்கிக்கு அடியில், அண்ணாச்சியின் உள்ளங்கைகளுக்கும் அடியில். கொஞ்சம் முழங்காலை மடக்கிப் பாரத்தை வாங்கினார். அந்தத் துணிக்கு என்ன பாரம் இருக்கப்போகிறது? ஆனால் அக்காவின் தோள் இறங்குவதையும், முதுகு அதை ஏற்பதையும் ஹால் முழுக்கப் பார்த்தது.

பிறகு குரல் வந்தது. மூன்று மாடிக்குக் கீழே நிற்பவருக்குக் கேட்க வேண்டிய குரல். மைக் தேவைப்படாத குரல்.

“பிடிச்சாச்சு! விட்டோ, அண்ணாச்சி!”

ஆறுமுகநயினாரின் விரல்கள் திறந்தன. அவர் திறந்தார் என்று சொல்ல மாட்டேன். வாழ்நாளெல்லாம் அந்தச் சொல்லுக்குத் திறந்து பழகிய விரல்கள், அவரைக் கேட்காமல் தாமாகத் திறந்துகொண்டன.

அக்காவுக்கும் அப்போது எதுவும் நினைவில்லை போலிருக்கிறது. உடம்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே போனது. வாங்கிய பாரத்தை என்ன செய்வது? தலையில் வைப்பதுதானே. தோளில் மாட்ட வேண்டிய மேலங்கியைத் தூக்கிக் கவசத்தின் மேல் வைத்தார். அது பிரிந்து, இரண்டு பக்கமும் வழிந்து, மலைச்சரிவில் மேகம் இறங்குவதுபோல் அவரை மூடியது. அப்படியே திரும்பி மேடையின் முன்விளிம்புக்கு நடந்தார்.

அந்த நடை! மணல் சட்டியோடு படியேறிய அதே நடை. முழங்கால் மடங்கியது, இடுப்பு திரும்பியது, ஒரு கை காற்றைத் துழாவியது. தலை மட்டும் அசையவில்லை. கருநீல முகில் ஒன்று நிமிர்ந்து நடந்து வந்தது. நான் திரையைப் பிடித்துக்கொண்டேன். தினமும் ஜன்னலில் பார்த்ததுதான். அன்றுதான் பார்த்தேன்.

யாரோ ஒரு குழந்தை மெதுவாக, பக்கத்திலிருப்பவரிடம் கேட்பதுபோல், “பிடிச்சாச்சு?” என்றது. இன்னொன்று, “விட்டோ!” என்று பதில் சொன்னது. பிறகு ஹாலே சேர்ந்து கத்தியதில் கூரை பறந்தது.

திரைக்குப் பின்னால் ஹரிஷங்கர் முகம் சிவந்து நின்றார். “யாரு பேசச் சொன்னா உன்னை? ஒரே ஒரு ரூல்! ஒண்ணே ஒண்ணு! அண்ணாச்சியாம்! இடிமுகில் அண்ணாச்சின்னு கூப்பிடுமா?”

அக்கா கவசத்தைக் கழற்றவில்லை. உள்ளிருந்து சன்னமாக, “வாயில வந்துருச்சு சார்,” என்றார்.

“போச்சு. எல்லாம் போச்சு. கீழே குழந்தைகள் கைகுலுக்க நிக்கறா. போ, வாயைத் திறக்காம முடிச்சுட்டு வா. அப்புறம் பேசிக்கறேன்.”

ஆறுமுகநயினார் ஒரு மூலையில் கவசத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். முகம் நனைந்து வெந்திருந்தது. “சார், நான் விட்டிருக்க மாட்டேன்,” என்றார். “அவ சொன்னா. விடாம இருந்தா அவல்லா விழுவா.”

நான் அக்காவின் முழங்கையைப் பிடித்துப் படியிறக்கினேன். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. கைகுலுக்கத்தான் நின்றார்கள் என்று நினைத்தோம். முதலில் வந்த பையன் கையை நீட்டவில்லை. தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அக்கா அதைப் பிடித்தார். அவன் விடவில்லை. நிமிர்ந்து அந்தக் கறுப்பு வலைகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் பின்னால் ஒருத்தி பலூனோடு, அடுத்தவன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. எல்லாருடைய கையிலும் ஏதோ ஒன்று. எல்லாரும் கொடுக்க வந்திருந்தார்கள்; எல்லாரும் அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் விடுவார்கள்.

அக்கா அசையாமல் நின்றார். கவசம் மெல்லத் திரும்பியது. ஹரிஷங்கர் படிக்கட்டின் உச்சியில் கையைக் கட்டி நின்றிருந்தார். அவர் அந்த வரிசையைப் பார்த்தார். அந்தப் பையனைப் பார்த்தார். அவன் நீட்டிய கை வலிக்கத் தொடங்கியிருந்தது. மற்றக் கையால் அதைத் தாங்கிக்கொண்டிருந்தான். ஹரிஷங்கர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“சொல்லித் தொலையேன்,” என்றார். “குழந்தைக்குக் கை வலிக்கறது.”

“பிடிச்சாச்சு,” என்றார் இடிமுகில். “விட்டோ.”

பையன் விட்டான். பின்னாலிருந்தவர்கள் ஒரே நேரத்தில் முன்னே நெருக்கினார்கள். பாட்டில், பலூன், செருப்பு, பாதி தின்ற நேந்திரங்காய் உப்பேரிப் பொட்டலம், ஒரு தம்பிப் பாப்பா கூட. ஒவ்வொன்றையும் அடியில் கைகொடுத்து வாங்கினார். ஒவ்வொன்றுக்கும் பாரம் இருப்பதுபோல் வாங்கினார். ஒவ்வொன்றுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லி, திருப்பிக் கொடுத்தார். அப்போது பிள்ளைகள் சொன்னார்கள், “பிடிச்சாச்சு, விட்டோ!”

வரிசையின் கடைசியில் ஸ்நேகா நின்றிருந்தாள்.

நீலக் குடையை இரண்டு கைகளாலும் ஏந்தி நீட்டினாள். அக்காவின் முழங்கை என் பிடிக்குள் இறுகியது. மேடையிலிருந்து வந்த கத்தலில் குரல் பிடிபடாமல் போயிருக்கலாம். இவ்வளவு பக்கத்தில் பெற்ற பிள்ளைக்குத் தெரியாமல் போகுமா? சொல்லாவிட்டால் இவள் விடப்போவதில்லை.

அக்கா குடைக்கு அடியில் கைகொடுத்தார். குரலைக் கொஞ்சம் தடிமனாக்கிப் பார்த்தார்.

“பிடிச்சாச்சு. விட்டோ.”

ஸ்நேகா விடவில்லை. கவசத்தை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு கையுறையைப் பார்த்தாள். பிறகு, மேலங்கி விலகிய இடத்தில் தெரிந்த கழுத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பின்னால் பூமாரி நிற்கிறாளா என்று மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் குதிகாலை உயர்த்தி, கவசத்தின் பக்கமாக எக்கி, எனக்கும் அவருக்கும் மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

“வீட்டுக்கு வரும்போது மறக்காமக் கொண்டுவா. மழை வரும்.”

குடையை விட்டாள்.